நகரிக்கு அப்பால் ஓர் ஆறாம் வகுப்பு தேடி

திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த மறு ஆண்டு, ஆனித் தொடக்கத்தில் இந்தப் பயணத்தை மேற்கொண்டேன். மலையோ கோயிலோ காணச் செல்லவில்லை. பள்ளிக்கூடங்களைக் காணச் சென்றேன். என் தங்கை அஞ்சலை நகரிக்கு அப்பால், விஜயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகள் வேணி, ஊரிலுள்ள ஓராசிரியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தமிழில் படித்து முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு அவள் எங்கே போவது? இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தேடித்தான் சென்னையிலிருந்து புறப்பட்டேன். பள்ளி திறந்த கிழமைக்குள் ஏதேனும் ஒரு பள்ளியில் சேர்க்காவிட்டால் பெண்ணை வேர்க்கடலைக் கொல்லைக்கு அழைத்துப் போய்விடுவதாக அவள் தந்தை சொல்லிவிட்டார் என்று அஞ்சலை ஆள் அனுப்பியிருந்தாள்.

எல்லையோர ஊர்களில் பிள்ளைகளை நடுநிலைப்பள்ளிக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர்க்கும், அவர்களுக்காக அலைய நேரும் உறவினர்க்கும் உதவும் என்று கண்டதைக் கண்டபடியே எழுதுகிறேன். பள்ளிகளின் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே பணிபுரிவோர் என் சினத்தால் இன்னலுறக் கூடாது.

சென்னையிலிருந்து ரேணிகுண்டா செல்லும் காலைப் பாசஞ்சரில் ஏறுங்கள். நகரிக்கு ஏறத்தாழ அறுபது கல் தொலைவு. மூன்றாம் வகுப்புச் சீட்டு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். அரக்கோணத்தில் வண்டி நெடுநேரம் நிற்கிறது. இட்டலியை அங்கேயே உண்டுவிடுங்கள். பிறகு கிடைப்பதைப் பற்றி நான் எவ்வித உறுதியும் தர இயலாது. திருத்தணி கடந்ததும் ஏதோ ஓரிடத்தில் மாநிலம் மாறுகிறது. எந்த இடத்தில் என்று சன்னலில் தலையை நீட்டித் தேடினேன். அதே பனை, அதே செம்மண், அதே ஆட்டு மந்தை. இந்த எல்லைக்காகப் பல மேடைகளில் தொண்டை கிழிய முழங்கியவன் நான். முழங்கியவனுக்கே எல்லை கண்ணில் படவில்லை.

நகரியிலிருந்து தங்கையின் ஊர் ஒன்பது கல். பேருந்து உண்டு, நேரம் இல்லை, வந்தால் வரும். ஜட்காக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார், ஒன்றரைக்கு இசைந்தார். சற்றுத் தொலைவு சென்றதும் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, ரேடியோல சேதி படிக்கிறவருங்களா?"

"இல்லை. ஏன் கேட்கிறீர்?"

"நீங்க பேச சொல்லோ குதிர காத தூக்கிக்கினு கேக்குது. எங்கூட்டுக்காரி தொண்ட கிழிய கத்தனாலும் திரும்பிப் பாக்காது இது."

ஊருக்குள் நுழைந்ததும் அஞ்சலை சொம்பில் நீரோடு வந்தாள். "வா அண்ணா. கூட்டத்துக்கு வந்தியா, எங்கள பாக்க வந்தியா?" என்று அவள் கேட்டதற்கு விடை சொல்லும் முன்பே வேணி என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையில் இருந்த பழைய வார இதழ் ஒன்றை எடுத்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாய்க்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பதினோரு வயதுப் பெண். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இந்தப் பிள்ளைக்கா ஆறாம் வகுப்பு இல்லை என்று என் நெஞ்சு கொதித்தது.

அவள் தந்தை முனிரத்தினம் அமைதியானவர். ஏழு காணி மானாவாரி நிலம், ஓர் இணை மாடு. "மச்சான், தெலுங்குல சேத்துட்டா இன்னா? எங்க ஊரு பசங்க எல்லாம் அதான் படிச்சிக்கினு கீறாங்க" என்றார்.

வேணி இதழிலிருந்து தலையை நிமிர்த்தாள். "நைனா, எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆறாவுல உக்காந்துக்கினு ஒண்ணாவது புள்ள மாரி அ, ஆ எழுதணும். போன வருசம் போன தேசம்மா ரெண்டு மாசத்துல நின்னுட்டா. இப்ப அவளும் கொல்லிலதான் கீறா."

எது பறிபோகவிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை முதற்பள்ளிக்குச் சென்றோம். ஊரிலிருந்து இரண்டு கல். ஏரிக்கரையோடு போகும் நல்ல வழி. பெண்பிள்ளைகள் கூட்டமாக நடந்து போகலாம். மாவட்ட மன்றத்தின் நடுநிலைப்பள்ளி அது. நான்கு ஓட்டு அறைகள், அவற்றுள் ஒன்றில் பாதி ஓடு வானத்தைப் பார்க்கிறது. நல்ல கிணறு உண்டு. பெண்பிள்ளைகளுக்குக் கழிவறை இல்லை. ஆசிரியர் ஐவர். ஐவரும் தெலுங்கில் கற்பிக்கின்றனர். சித்தூர் மாவட்டம் முன்பு சென்னையோடு இருந்த நாளில் இங்கே தமிழ்ப் பிரிவு ஒன்று இருந்தது. எல்லை வகுத்தபோது தமிழாசிரியர் திருத்தணிப் பக்கம் மாற்றல் பெற்றுப் போனார். ஆசிரியர் போனார், அவரோடு பிரிவும் போயிற்று! இரண்டு அரசுகள் எதிரெதிரே அமர்ந்து ஊர்களை எண்ணின, ஏரிகளை எண்ணின, மதகுகளை எண்ணின. ஆறாம் வகுப்பில் அமர வேண்டிய பிள்ளைகளை எண்ண அவற்றுக்கு நேரமில்லை.

இவ்வளவு சினத்தோடும் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தேன். அவர் கடப்பைப் பக்கத்திலிருந்து ஓராண்டுக்கு முன் வந்தவர். எழுந்து நின்று நாற்காலி தந்தார். மோர் வரவழைத்தார். சண்டைக்கு வந்தவனுக்கு மோர் தருவோரை என்ன செய்வது?

"தமிழ்ப் பிரிவை ஏன் மூடினீர்கள்?" என்றேன்.

அவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "நேனு மூடலே சார். நான் வரும்போதே இல்லே. பிள்ளைங்க இருந்தா திறக்கலாம், ரூல் உண்டு. இவ்வளவு பேர் இருக்கணும்னு இருக்கு. இங்க எல்லாம் தெலுகு பிள்ளைங்களே."

"எப்படித் தெரியும்?"

"சேர்க்கும்போது நானே பிள்ளைகிட்ட பேசுறேன் சார். பேரு, ஊரு, நாயனா பேரு எல்லாம் கேக்கிறேன். தெலுகுல பதில் சொல்றாங்க. எழுதுறேன்." வாயிலருகே நின்ற ஒரு பையனை அழைத்து அவன் ஊர்ப் பெயரைத் தெலுங்கில் கேட்டார். பையன் கையைக் கட்டிக்கொண்டு பளிச்சென்று தெலுங்கில் விடையளித்தான். "பாத்தீங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

நான் அதே பையனைப் பார்த்து, "தம்பி, காலையில் என்ன உண்டாய்?" என்றேன்.

என் தமிழைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூழு துன்னுட்டு வந்தேன் சார்."

"உன் வகுப்பில் வேறு யார் வீட்டில் இப்படிப் பேசுவார்கள்?"

"எங்க தெரு பசங்க எல்லாம் இப்படித்தான் பேசிக்குவோம்."

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார். "சார், விளையாடும்போது தமிழ் கேக்கும், தெலுகும் கேக்கும். பார்டர்ல எல்லார்க்கும் ரெண்டும் வரும். எது வீட்டு பாஷைன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் கூட சொல்லலியே."

அவர் பொய் சொல்லவில்லை. அது என் சினத்தைத் தணிக்கவும் இல்லை. கேளாமலே எழுதுகிற முறை ஒரு பக்கம், சொல்லாமலே நிற்கிற மக்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழி ஓசையின்றி அடிபட்டுப் போகிறது. அதற்கு விதி என்று பெயர், எண்ணிக்கை என்று பெயர். குற்றவாளி என்று சுட்ட ஒருவரும் இல்லாத குற்றத்தைப் போல் எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை.

இரண்டாம் பள்ளி எல்லைக்கு அப்பால், சென்னை மாநிலத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து நாலரைக் கல். வேணியும் நானும் முனிரத்தினமும் விடிந்ததும் நடந்தோம். நடுவே ஆறு. இப்போது வெறும் மணல். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் கிழமைக்கணக்கில் கடக்க முடியாது என்றார் முனிரத்தினம். பள்ளியைக் கண்டதும் எனக்குப் பெருமிதம் பொங்கிற்று. புதிய கட்டடம், தமிழாசிரியர்கள், நூல்கள் நிறைந்த நிலைப்பேழை, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை, நண்பகலில் சுடுசோறு. சோற்றின் மணம் வாயில்வரை வந்தது. வேணி நின்று அதை முகர்ந்தாள்.

தலைமையாசிரியர் என்னைக் கண்டதும் கைகூப்பி எழுந்தார். "ஐயா! திருவள்ளூர்க் கூட்டத்தில் தங்கள் உரையைக் கேட்டேன். எல்லைக்கு அப்பால் விடப்பட்ட உடன்பிறப்புகள் என்று தாங்கள் சொன்னபோது கண்ணீர் விட்டுவிட்டேன்."

"மகிழ்ச்சி. அந்த உடன்பிறப்புகளுள் ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறேன்" என்று வேணியை முன்னே நிறுத்தினேன்.

அவர் முகம் மாறியது. வேற்று மாநிலச் சான்றிதழ். அங்குள்ள கல்வி அலுவலர் மேலொப்பம் வேண்டும். அது வர எத்தனை திங்கள் ஆகுமோ அவர் அறியார். கட்டணச் சலுகை இம்மாநிலத்தார்க்கே. பகலுணவுக்கும் கணக்கு உண்டு. கணக்கில் இல்லாத பிள்ளைக்கு எப்படிச் சோறு இடுவது? எல்லாவற்றையும் நல்ல தமிழில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

"ஐயா, கண்ணீர் விட்டதாகச் சொன்னீர்கள்."

"உணர்ச்சி வேறு, அலுவல் வேறு இல்லீங்களா?"

என் வாழ்நாளில் நான் கேட்ட மிக நேர்த்தியான மறுப்பு அது. தெலுங்கு பேசியவர் மோர் கொடுத்தார். தமிழ் பேசியவர் விதி கொடுத்தார். திரும்பும் வழியில் ஆற்று மணலில் நின்று நான் உரத்துப் பேசிக்கொண்டே வந்தேன். முனிரத்தினம், "மச்சான், மணல் சுடறதுக்குள்ள வாங்க, அக்கரைக்குப் போய் திட்டிக்கலாம்" என்றார்.

மூன்றாவதாகச் சித்தூர் சென்றோம். நகரியிலிருந்து புத்தூருக்குச் சென்று, பேருந்து மாறிக் கார்வேட்டிநகரம் வழியே போக வேண்டும். எல்லாமுமாக நாற்பது கல்லுக்கு மேல். இரண்டு பேருந்துக்கும் ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் ஆனது. இருக்கை கிடைப்பது உங்கள் முழங்கையைப் பொறுத்தது. அங்கே கிறித்தவ மக்கள் நெடுநாளாக நடத்திவரும் உதவிபெறும் பள்ளி ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்புவரை தமிழ்ப் பிரிவு. நான் கண்ட மூன்றனுள் சிறந்தது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். வகுப்பறைகள் தூய்மை, ஆசிரியைகள் அன்பு. ஆனால் விடுதியில் இடமில்லை. இடம் வந்தாலும் பதினோரு வயதுப் பெண் வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும். விடுதி என்ற சொல்லைக் கேட்டதுமே வேணி என் மேலாடையின் நுனியைப் பற்றிக்கொண்டாள்.

அங்குள்ள முதன்மை ஆசிரியையிடம் முதற்பள்ளியின் கதையைச் சொன்னேன். அவர் குடிபாலாப் பக்கத்தவர், அந்த மண்ணின் மகள். வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க சனங்க வழக்கம் அப்படித்தாங்க. எதுல கேக்கிறோமோ அதுலதான் பதில் சொல்லும். தெலுங்குல கேட்டா தெலுங்கு, தமிழ்ல கேட்டா தமிழ். உருதுல கேட்டாலும் ரெண்டு வார்த்த உருதுல சொல்லும். கேக்கிறவங்க பாஷைய விட்டுட்டு நம்ம பாஷைல பதில் சொன்னா, அவங்கள மதிக்கலன்னு ஆயிடும். இங்க நாங்க தமிழ்ல கேக்கிறோம், அதனால தமிழ்ப் பிரிவு நிக்குது. அவ்ளோதான்."

மூன்று பள்ளிகளையும் ஒப்பிட்டுவிட்டேன். நல்ல பள்ளி தொலைவில் இருக்கிறது. வசதியான பள்ளி வேற்று மாநிலத்தில் இருக்கிறது. நடந்து போகக்கூடிய பள்ளியில் தமிழ் இல்லை. வேணி படிக்க வேண்டுமென்றால் அந்த ஏரிக்கரைப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு திரும்ப வேண்டும். அதற்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்குள் நுழைந்ததும் மறைந்துவிடுகிறது.

சேர்க்கைக்கு முந்தைய நாள் மாலை, திரௌபதி அம்மன் கோயில் முன்னே ஊரைக் கூட்டினோம். நான் பேசினேன். தாயின் மொழியைத் தலைமையாசிரியர் மேசைமுன் விற்றுவிட்டு வரலாமா என்றேன். நாளை உங்கள் பிள்ளைகள் தமிழில் மட்டுமே விடையளிக்க வேண்டும் என்றேன். கைதட்டல் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். கைதட்டி ஓய்ந்த பின் கிட்டப்பா என்னும் உழவர் எழுந்தார். அவர் மகனும் இவ்வாண்டு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவன்.

"பேச்சு நல்லா கீதுங்க. ஆனா பெரிய மன்சன் அவரு பாஷல கேக்க சொல்லோ, நாம வேற பாஷல பதில் சொன்னா, அவரு முன்னால துண்ட தோள்ல போட்டுக்கினு நிக்கிற மாரி ஆவாதா?"

"துண்டு இருக்க வேண்டிய இடமே தோள்தான், ஐயா" என்றேன். எல்லாரும் சிரித்தனர். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயினர். ஒருவரும் இசைந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் அஞ்சலை களி கிண்டிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ கை தட்ட வெச்சிட்டு வண்டி ஏறிடுவ அண்ணா. நாள பின்ன அந்த ஸ்கூலு ஐயவாரு மூஞ்சில நாங்கதான் முழிக்கணும். நல்ல மன்சன். போன மழைல பசங்கள அவரே கூட வந்து ஏரிக்கர தாண்டி உட்டுட்டுப் போனாரு. அவர எதுத்துப் பேசுன்னு எம்பொண்ணுக்கு சொல்லிக் குடுக்கறியா?"

"எதிர்த்துப் பேசச் சொல்லவில்லையே. தமிழில் பேசத்தானே சொன்னேன்."

"அங்க ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

வேணி என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, களியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சேர்க்கை நாள். பள்ளித் தாழ்வாரத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் வரிசையில் நின்றனர். எங்களுக்கு முன்னே கிட்டப்பாவும் இன்னும் ஆறேழு பேரும். தலைமையாசிரியர் வழக்கம்போல் கனிவாகத் தெலுங்கில் கேட்டார். பிள்ளைகள் கைகட்டித் தெலுங்கில் விடையளித்தனர். ஒவ்வொருவரும் தெலுங்குப் பிள்ளையாகப் பதிவாகி நகர்ந்தனர். கிட்டப்பா கடக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார். நேற்றுக் கைதட்டிய கைகள்! என் நாவில் ஓர் உரை முழுதும் திரண்டு நின்றது.

வேணியின் முறை வந்தது. "நீ பேரேமம்மா?" என்று பெயரைக் கேட்டார் தலைமையாசிரியர்.

வேணி பேசவில்லை. தெலுங்கில் சொன்னால் மாமன் சொல் போகும். தமிழில் சொன்னால் ஐயவாருக்கு மதிப்புப் போகும். கண்கள் நிரம்பின. அவர் மீண்டும் கேட்டார், இன்னும் மெதுவாக. நான் ஓரடி முன்னே வைத்தேன். அஞ்சலை என் கையைக் கிள்ளினாள்.

முனிரத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சற்றுக் குனிந்து, நல்ல தெலுங்கில் பேசினார். "சாரு, பிட்ட பேரு வேணி. மா இன்ட்லோ அரவமே மாட்லாடேதி. பிட்டகு அரவம்லோனே செப்பண்டி." எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான், பிள்ளைக்குத் தமிழிலேயே கற்பியுங்கள் என்று பொருள்.

அரவம் என்று தமிழைக் குறிப்பவர்களோடு நான் மேடைதோறும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்தார். முன்பே சொல்லக்கூடாதா என்று தெலுங்கில் கேட்டார்.

"மீரு அடகலேதே சாரு" என்றார் முனிரத்தினம். நீங்கள் கேட்கவில்லையே ஐயா.

அவர் குரலில் குத்தல் இல்லை. ஏர் எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். தலைமையாசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தார். பிறகு வரிசை முழுதையும் நோக்கி, இந்த முறை தெளிவாகக் கேட்டார்: வீட்டில் யார் யார் தமிழ் பேசுகிறவர்கள்?

கேட்டுவிட்டார். கேட்டதும் விடை வந்துவிட்டது. "மாதி கூடா அரவமே சாரு" என்று முதலில் சொன்னவர் கிட்டப்பா. சேர்க்கை முடிந்து வாயில்வரை போனவர், மகனை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் வீட்டிலும் அதுதான், எங்கள் வீட்டிலும் அதுதான் என்று அடுத்தடுத்துக் குரல்கள், எல்லாம் தெலுங்கில், எல்லாம் பணிவாக. எந்த மொழிக்கும் எவ்வித அவமதிப்பும் நேராமல், ஒரு தாழ்வாரம் முழுதும் தமிழாக மாறியது. தலைமையாசிரியர் எழுதியவற்றை அடித்துவிட்டு மீண்டும் எழுதினார். விதி கேட்ட எண்ணிக்கை நண்பகலுக்குள் நிறைந்தது. அதற்கு மேலும் இருந்தது. வேணி அதற்குப் பிறகுதான் தன் பெயரைச் சொன்னாள். தெலுங்கில்தான் சொன்னாள்.

இனி, செல்ல எண்ணுவோர்க்குச் சில சொற்கள். எல்லைக்கு இப்பால், நகரிப் பக்கத்தில், பிள்ளையைச் சேர்ப்பவர்கள் பள்ளி திறந்த முதற்கிழமையிலேயே செல்லுங்கள். தெருவோடு சேர்ந்து செல்லுங்கள். பேர், ஊர் கேட்கும் முன்பே வீட்டு மொழி எதுவென்று சொல்லிவிடுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி. சொல்லாமல் மட்டும் நிற்காதீர்கள். எல்லைக்கு அப்பால், சென்னை மாநிலப் பள்ளியை நம்புவோர் மேலொப்பத்துக்குப் பங்குனியிலேயே அலையத் தொடங்குங்கள். ஐப்பசி ஆற்றையும் எண்ணிப் பாருங்கள். சித்தூர் விடுதியில் இடம் வேண்டுவோர் ஓராண்டு முன்னரே சென்று சொல்லி வையுங்கள். என்னைப் போன்ற பேச்சாளர்களுக்கும் ஒரு சொல்: எல்லையைப் பற்றிப் பேச மேடை வேண்டும், எல்லையில் வாழ்வோர்க்கு உதவ ஜட்கா வேண்டும். நாம் மேடைகளில் மிகுதியாகவும் ஜட்காக்களில் குறைவாகவும் ஏறியிருக்கிறோம்.

இதை எழுதும் இன்று புரட்டாசி பிறந்துவிட்டது. சென்ற கிழமை மீண்டும் போய் வந்தேன். தமிழ்ப் பிரிவுக்கு ஒப்புதல் வந்திருக்கிறது. தாழ்வாரத்தின் கோடியில் இடம் ஒதுக்கித் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். கணக்கை அவரே கலந்த மொழியில் கற்பிக்கிறார். பாட நூல்களைக் கிட்டப்பா திருத்தணிக்குப் போய் வாங்கி வந்தார். மூவருக்கு ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பாட வேளையில் வேணி எழுந்து உரக்கப் படிக்கிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள். தமிழாசிரியர் மட்டும் இன்னும் வரவில்லை. அனுப்புவதாக ஓர் அலுவலகம் சொல்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று இன்னோர் அலுவலகம் சொல்கிறது.

பயிற்சி பெற்ற தமிழாசிரியர் எவரேனும் இதைப் படித்தால், சித்தூரில் விண்ணப்பம் கொடுங்கள்; நகரியில் இறங்குங்கள். தங்குவதற்கு வீடு கிடைக்கும். சோற்றுக்கு என் தங்கை பொறுப்பு, வசவும் சேர்ந்தே கிடைக்கும். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அது வெறுமையாக இருப்பதற்கு, இங்கே தமிழ்ப் பிள்ளைகள் இல்லை என்று இனி ஒருவரும் காரணம் சொல்ல முடியாது.